கற்றல் குறைபாடும் தேர்வு உரிமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இசையும் நாடகமும் இலக்கியச் சொற்பொழிவும் இடம்பெறுதல் மரபு. அம்மரபினின்று சிறிது விலகி, சட்டத்தைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். கம்பனையும் இளங்கோவையும் கேட்க வந்த அவைக்குச் சட்டப் பிரிவுகளைச் சொல்லுதல் சுவை குறைந்த செயலே ஆகும். எனினும், சற்று முன்னர் இம்மேடையில் மிகுந்த மதிப்பெண் பெற்ற மாணவர்க்குப் பரிசு வழங்கினோம், கைதட்டி மகிழ்ந்தோம். அப்பரிசுக்கு உரிய அறிவு இருந்தும், அந்த அறிவைத் தாளில் இறக்கிவைக்க இயலாமையால் பின்தங்கி நிற்கும் பிள்ளைகளும் நம் இல்லங்களில் உளர். இன்று யாம் பேசப்போவது அவர்களைப் பற்றியே.

எண்ணையும் எழுத்தையும் மக்கள் உயிர்க்குக் கண்கள் என்றார் வள்ளுவர். ஆனால் கண்ணில் குறை உண்டானால் கண்ணாடி அணிவிக்கும் நாம், எழுத்தில் குறை உண்டானால் பிரம்பை எடுக்கிறோம். "சோம்பேறி", "மந்தம்", "கவனம் போதாது" என்று பட்டம் சூட்டுகிறோம். அதுவும் பயன்படாதபோது, மூன்று தனிப்பயிற்சி வகுப்புகளில் சேர்த்துவிட்டு அமைதி அடைகிறோம். அப்பிள்ளைக்கு வேண்டுவது பிரம்பும் அன்று; மூன்றாம் தனிப்பயிற்சியும் அன்று.

குறைபாடு இன்னதென்பது

1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அச்சிறுவன் கூர்த்த அறிவுடையவன். விளையாட்டில் பிறர்க்குச் சளைத்தவன் அல்லன். கண்பார்வையிலும் குறை இல்லை. இருந்தும் எளிய சொற்களைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. இதனைப் பிறவியிலேயே அமைந்த சொற்குருடு என அம்மருத்துவர் குறித்தார். இன்று நாம் டிஸ்லெக்ஸியா என வழங்குவது இதனையே.

படிப்பதில் தோன்றும் இடர்ப்பாடு டிஸ்லெக்ஸியா. எழுதுவதில் தோன்றுவது டிஸ்கிராஃபியா. எண்களைக் கையாள்வதில் தோன்றுவது டிஸ்கால்குலியா. இவை அனைத்தையும் சேர்த்துக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எனச் சட்டம் வழங்குகிறது. 'குறிப்பிட்ட' என்னும் அடை கருதத்தக்கது. அறிவு முழுமைக்கும் உரிய குறை அன்று இது; மொழியையோ எண்ணையோ மூளை கையாளும் ஒரு குறிப்பிட்ட வழியில் மட்டும் அமைந்த இடர்ப்பாடு. வாய்மொழியாகக் கேட்டால் பானிப்பட்டுப் போரின் காரணங்களை வரிசைப்பட உரைக்கும் சிறுமி, அதனையே எழுதச் சொன்னால் நான்கு வரியில் நின்றுவிடுவாள். அந்நான்கு வரியிலும் பத்துப் பிழைகள் இருக்கும். ஆசிரியர் காண்பது அந்நான்கு வரிகளை மட்டுமே.

அயல்மொழி நிலத்தில் தமிழ்க் குழந்தை

இம்மும்பை மாநகரில் வாழும் நமக்கென்றே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வளரும் நம் குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. பள்ளியில் ஆங்கிலம் வழியாகப் பயில்கிறது. ஹிந்தியும் மராத்தியும் அதனோடு சேர்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நம் சங்க வகுப்பில் தமிழ் எழுத்தும் கற்கிறது. ஆக, உரோமானிய எழுத்து, தேவநாகரி, தமிழ் என மூவகை எழுத்துகளை அப்பிஞ்சு உள்ளம் தாங்க வேண்டியிருக்கிறது.

இம்மூன்றும் மூன்று இயல்பின. ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜீ, எச் என்னும் நான்கெழுத்துக் கூட்டம் ஒரு சொல்லில் ஒருவாறும் மற்றொரு சொல்லில் வேறொருவாறும் ஒலிக்கும். அதற்கு விதி சொல்லி முடியாது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒழுங்குடையது. அவ்வகையில் தமிழ் எளிது. ஆயினும் 247 எழுத்துகளை நினைவில் இருத்த வேண்டும். ரகர றகரமும், லகர ளகர ழகரமும், மூன்று னகரங்களும் தம்முள் மயங்கும். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் பின்னர் ஒலிக்கும் உயிரின் குறி மெய்க்கு முன்னர் நிற்கும். 'கொ', 'கோ' என்பவற்றில் இருபுறமும் நிற்கும். எழுத்துகளின் வரிசையைப் பற்றிக்கொள்ளத் தடுமாறும் குழந்தைக்கு இவ்விடங்கள் இடறும் படிகளாகும்.

இதனால் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. "நான்கு மொழிகளின் சுமையால் குழந்தை திணறுகிறது, வளர்ந்தால் சரியாகிவிடும்" எனக் கூறி, உண்மையான குறைபாட்டைக் காணாது விடுதல் ஒன்று. புதிதாக மகாராஷ்டிரத்துக்குக் குடிவந்த குழந்தை மராத்தியில் தடுமாறுவதைக் கண்டு, குறைபாடு உடையதென முத்திரை இடுதல் மற்றொன்று. இரண்டும் குழந்தைக்குத் தீங்கே.

வேறுபாடு அறிய வழி என்ன? குழந்தை நன்கு அறிந்த மொழியில் அதன் படிப்பு எவ்வாறு உள்ளது என்று நோக்க வேண்டும். தமிழில் தங்குதடையின்றிப் படிக்கும் குழந்தை மராத்தியில் மட்டும் தடுமாறினால், அது பழக்கக் குறைவு. முறையாகக் கற்பித்தும் எல்லா மொழிகளிலும் ஒரே வகையான தடுமாற்றம் தொடர்ந்தால், ஆராய்ந்து பார்க்கவேண்டிய நிலை அது. ஆனால் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவரேயன்றிப் படிக்க அறியார். ஆதலின் ஒப்பிட்டு நோக்கும் இந்தச் சான்று நமக்குக் கிட்டாமல் போகிறது. நம் ஞாயிறு வகுப்பு ஆசிரியைமார் இவ்வகையில் பள்ளி ஆசிரியரும் அறியாத ஒன்றை அறியக்கூடிய இடத்தில் இருக்கின்றனர். தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளை ஓராண்டு பயின்றும் எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாது நின்றால், அச்செய்தியைப் பெற்றோரிடம் அன்போடு சொல்லுதல் அவர்தம் கடமை.

இந்திய மொழிகளிலேயே சோதிக்க வேண்டும் என்னும் கருத்து அறிஞரிடையே வலுப்பெற்று வருகிறது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையம் 2015-ஆம் ஆண்டில் 'டாலி' என்னும் சோதனைத் தொகுதியை வெளியிட்டது. ஹிந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியன அதில் முதலில் இடம்பெற்ற மொழிகள். சோதனைக்குச் செல்லும் பெற்றோர், வீட்டில் வழங்கும் மொழி யாது, பயிற்று மொழி யாது, எந்த மொழியை எத்தனை ஆண்டு பயின்றது என்னும் செய்திகளை உளவியலாளரிடம் முதலிலேயே தெரிவித்தல் இன்றியமையாதது.

சட்டம் வந்த வழி

1995-ஆம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம்பெற்றன. கற்றல் குறைபாடு அவற்றுள் இல்லை. எனினும் நாம் வாழும் இம்மாநிலம் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1996-ஆம் ஆண்டிலேயே மகாராஷ்டிர அரசு கற்றல் குறைபாடுடைய மாணவர்க்குத் தேர்வுச் சலுகைகளை முறையாக வழங்கிற்று. இந்தியாவிலேயே இதனை முதலில் செய்த மாநிலம் இதுவே. கூடுதல் நேரம், எழுத்துப் பிழைகளைப் பொருட்படுத்தாமை, ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு, இயற்கணிதத்துக்கும் வடிவியலுக்கும் மாற்றாகக் கீழ்வகுப்புக் கணிதமும் கைத்தொழிற் பாடமும் கொள்ளுதல் ஆகியன அச்சலுகைகளுள் அடங்கியிருந்தன. குடியேறிய நமக்கு வாழ்வளித்த மண் இவ்வகையிலும் முன்னோடியாயிற்று என்பதை நன்றியோடு நினைவுகூர்தல் தகும்.

பின்னர், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் 21 குறைபாடுகள் இடம்பெற்றுள்ளன. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. அதுவரை அரசின் கருணையாகவும் தேர்வு வாரியத்தின் சலுகையாகவும் இருந்தது, அன்று முதல் நாடு முழுவதும் சட்ட உரிமையாயிற்று. சலுகை என்பது தருவோர் விருப்பத்தைப் பொறுத்தது. உரிமை என்பது மறுத்தால் ஏன் என்று கேட்க இடம் தருவது. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் உள்ளத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும்.

அச்சட்டத்தின் மூன்று பிரிவுகளை மட்டும் நினைவிற் கொண்டால் போதும். 16-ஆம் பிரிவு, அரசின் நிதி பெறும் பள்ளிக்கும் அரசின் ஏற்புப் பெற்ற பள்ளிக்கும் பொருந்துவது. கற்றல் குறைபாட்டை இயன்ற அளவு விரைவிற் கண்டறிந்து தக்க கற்பிக்கும் முறைகளை மேற்கொள்ளுமாறு அது பணிக்கிறது. "எங்களுடையது தனியார் பள்ளி; எங்களுக்கு இச்சட்டம் இல்லை" என்னும் விடை இப்பிரிவின் முன் நில்லாது. 17-ஆம் பிரிவு, பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தக்க மாற்றங்கள் செய்தல் வேண்டும் என்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவற்றை அது பெயர் சுட்டியே கூறுகிறது. 3-ஆம் பிரிவு, ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்றவாறு இயன்ற ஏற்பாடுகளைச் செய்து தருதலை அரசின் கடமையாக்குகிறது.

இவற்றோடு 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் துணை நிற்கிறது. தொடக்கக் கல்வி முடியும் வரை எக்குழந்தையையும் பள்ளியினின்று நீக்கலாகாது. உடலால் ஒறுத்தலும் உள்ளத்தைத் துன்புறுத்தலும் கூடா என்பன அச்சட்டத்தின் விதிகள்.

சான்றிதழ் பெறும் முறை

உரிமை சட்டத்தில் இருந்தாலும், அதனைக் கையில் தருவது சான்றிதழே. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டியின்படி, முதலில் குழந்தை மருத்துவர் கண்ணையும் காதையும் பொது உடல்நலத்தையும் ஆராய்வார். அடுத்து, மருத்துவ உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை நடத்துவார். நுண்ணறிவு ஈவு 85-க்கு மேல் இருந்தால், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் வகுத்த சோதனைத் தொகுதியால் படிப்பும் எழுத்தும் கணக்கும் அளக்கப்படும். இவ்வரிசையைக் கேட்டபின்னும் இக்குறைபாட்டை அறிவு மந்தம் என்று சொல்ல யாருக்கேனும் மனம் வருமா? அறிவு குன்றவில்லை என்று உறுதி செய்த பின்னரே அச்சான்றிதழுக்குரிய அடுத்த சோதனை தொடங்கிற்று.

எட்டு வயதிலிருந்து சான்றிதழ் பெறலாம் எனவும், 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் சோதிக்க வேண்டும் எனவும், 18 வயதில் பெறுவது வாழ்நாள் முழுவதும் செல்லும் எனவும் அவ்வழிகாட்டி வகுத்தது. 2024-ஆம் ஆண்டில் இவ்வழிகாட்டிகள் திருத்தி வெளியிடப்பெற்றன. ஆதலின் செல்லும் மருத்துவமனையில் நடப்பு விதியைக் கேட்டறிந்துகொள்க. மும்பையில் சயான் மருத்துவமனை, நாயர் மருத்துவமனை போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் கற்றல் குறைபாட்டுக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. சயான் மருத்துவமனை தாராவிக்கு அண்மையிலேயே உள்ளது. ஆயினும் அப்படிகளில் ஏறிய தாராவித் தமிழர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. சோதனைகள் ஒரே நாளில் முடிவன அல்ல. பல முறை அழைப்பர். முறைக்குக் காத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு திங்கள் இருக்கும்போது ஓடினால் பயன் விளையாது. சி.பி.எஸ்.இ. வாரியத்துக்கு மாணவர் விவரம் ஒன்பதாம் வகுப்பிலேயே பதிவாகிவிடுகிறது. எனவே ஏழாம் எட்டாம் வகுப்புகளிலேயே சான்றிதழைக் கைக்கொண்டு, அதன் படியைப் பள்ளியில் எழுத்து வடிவில் அளித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் நாளும் பெற்று வைத்தல் வேண்டும்.

எமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குச் சான்றிதழ் கிடைத்தது. தாய் அதனைப் பள்ளிக்குக் கொண்டு சென்றார். "பார்த்துக்கொள்கிறோம்" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினர். பத்தாம் வகுப்பில் கேட்டபோது, "எங்களிடம் எதுவும் வரவில்லை, பட்டியல் போய்விட்டது" என்றனர். நல்வாய்ப்பாக அத்தாய் அன்று கொடுத்த கடிதத்தின் படியைப் பள்ளியின் முத்திரையோடு வைத்திருந்தார். அதனை இணைத்து, 17-ஆம் பிரிவைச் சுட்டி, தலைமையாசிரியர்க்கும் வாரியத்தின் வட்டார அலுவலகத்துக்கும் கடிதம் எழுதினார். பத்து நாளில் அனுமதி வந்தது. அம்முத்திரை இட்ட ஒரு தாள் இல்லையேல், அப்பெண்ணின் ஓராண்டு வீணாகியிருக்கும்.

தேர்வறையில் கிடைப்பன

2018 ஆகஸ்டு 29-இல் மத்திய அரசு வகுத்த தேர்வு நெறிகள், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத ஈடுசெய் நேரம் தருமாறு பணித்தன. மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். இரண்டு மணித் தேர்வுக்கு 40 நிமிடம். சி.பி.எஸ்.இ. வாரியமும் இக்கணக்கையே கொண்டுள்ளது. சொல்வதை எழுதுபவரை அமர்த்திக்கொள்ளுதல், இரண்டு மொழிகளுக்கு மாற்றாக ஒரு மொழியை மட்டும் பயிலுதல், கணிதம் அறிவியல் ஆகியவற்றுக்கு மாற்றாக ஓவியம், இசை, மனையியல் போன்ற பாடங்களை எடுத்தல், விடைகளைத் தட்டச்சு செய்யக் கணினியைப் பயன்படுத்துதல் ஆகிய வாய்ப்புகளையும் அவ்வாரியத்தின் விதிகள் தந்துள்ளன. கணினியை மாணவரே கொண்டுவர வேண்டும்; அதில் இணைய இணைப்பு இருத்தலாகாது.

இவற்றுள் எதனைக் கொள்வது, எதனை விடுவது என்பதில் பெற்றோர்க்கு நிதானம் வேண்டும். கிடைப்பன அனைத்தையும் வாரிக்கொள்ளுதல் அறிவுடைமை ஆகாது. பத்தாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிட்ட மாணவன் பின்னர்ப் பொறியியல் பயில விரும்பினால் வழி அடைபட்டிருக்கக் காண்பான். எழுத்தில் மட்டும் இடர்ப்பாடு உடையவனுக்குக் கூடுதல் நேரமும் கணினியுமே போதுமானவை ஆகலாம். சொல்வதை எழுதுபவரை அமர்த்துவதாயின், தேர்வு நாளன்றுதான் முதன்முதல் அவரோடு அமர்தல் தவறு. விடையை மனத்துள் ஒழுங்குபடுத்தி, நிறுத்தக்குறியோடு வாய்விட்டுச் சொல்லுதல் தனிக்கலை. ஆறு திங்களாவது வீட்டில் அதனைப் பயிலுதல் வேண்டும்.

நீதிமன்றம் சொன்னவை

சட்டம் இருந்தும் அதனை நடத்துவோர் குறுக்கிப் பொருள் கொண்டனர். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையவரையே அடையாளக் குறைபாடு உடையோர் எனச் சட்டம் கூறுகிறது. உயர்கல்வியில் 5 விழுக்காட்டு இடஒதுக்கீடும், அரசுப் பணியில் 4 விழுக்காட்டு ஒதுக்கீடும் அவர்க்கே உரியன. இந்த 40 விழுக்காட்டு வரம்பைத் தேர்வறைக்கும் நீட்டி, அதற்குக் குறைந்தோர்க்கு எழுதுபவரை மறுத்தனர்.

குடிமைப் பணித் தேர்வு எழுத முனைந்த ஒருவர்க்கு எழுதும்போது கை இறுகிப்போகும் நோய் இருந்தது. அவர் எழுதுபவரைக் கேட்டார். அடையாளக் குறைபாடு இல்லை என்று மறுக்கப்பட்டார். அவ்வழக்கில் 2021 பிப்ரவரி 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. நீதியரசர் சந்திரசூட் தலைமையிலான அமர்வு, இடஒதுக்கீட்டுக்கு உரிய வரம்பு வேறு, தேர்வெழுத வேண்டிய துணை வேறு எனப் பிரித்துக் காட்டி, 40 விழுக்காட்டுக்குக் குறைந்தோர்க்கும் எழுதுபவரைப் பெறும் உரிமை உண்டு என்றது. அதன் பயனாக 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அத்தகையோர்க்கென நெறிமுறைகளை வெளியிட்டது.

அதே 2021-ஆம் ஆண்டில் நீட் தேர்வு எழுதிய மாணவி ஒருத்திக்கு டிஸ்கிராஃபியா இருந்தது, சான்றிதழும் இருந்தது. ஆயினும் தேர்வு மையத்தார் ஒரு மணி கூடுதல் நேரத்தைத் தராது விடைத்தாளைப் பறித்துக்கொண்டனர். அம்மாணவி உச்ச நீதிமன்றம் வரை சென்றாள். நவம்பர் 23-இல் வந்த தீர்ப்பு, அவளுக்கு நேர்ந்தது அநீதி என ஒப்பியது. அதனைக் களையும் வழியை ஆராயுமாறு தேசியத் தேர்வு முகமைக்குப் பணித்தது. மையங்களில் உள்ளோர்க்குப் பயிற்சி தரவேண்டும் என்றும் கூறியது. ஆனால் மறுதேர்வு நடத்துமாறு ஆணையிடவில்லை. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் தெளிவானது. தேர்வறையில் இழந்த ஒரு மணியை நாட்டின் மிகவுயர்ந்த நீதிமன்றத்தாலும் அவ்வாறே திருப்பித் தர இயலவில்லை. உரிமையைத் தேர்வுக்கு முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். அனுமதிக் கடிதத்தின் படியைத் தேர்வறைக்கே கொண்டு செல்ல வேண்டும்.

2025 பிப்ரவரியிலும், வங்கித் தேர்வு தொடர்பான வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் இக்கொள்கையையே வலியுறுத்திற்று. பள்ளியோ வாரியமோ மறுத்தால் நேரே நீதிமன்றம் செல்லவேண்டும் என்பதும் இல்லை. மாநிலந்தோறும் மாற்றுத்திறனாளிகள் ஆணையர் உளர். மகாராஷ்டிர ஆணையரின் அலுவலகம் புணேயில் உள்ளது. எழுத்து வடிவில் முறையிடலாம். சட்டத்தை மீறுவோர்க்கு முதன்முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், பின்னர் ஐம்பதாயிரம் முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்க 89-ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஐயங்களும் அச்சங்களும்

"ஒருவர்க்கு மூன்று மணி, மற்றொருவர்க்கு நான்கு மணி என்பது நடுநிலையாகுமா?" என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. விடை, தேர்வு எதனை அளக்கிறது என்பதில் அடங்கியுள்ளது. வரலாற்றுத் தேர்வு வரலாற்று அறிவை அளக்க வந்தது. விரலின் விரைவை அளக்க வந்ததன்று. கூடுதல் நேரத்தால் அறியாத விடை தோன்றிவிடாது. அறிந்த விடையே தாளில் இறங்கும். சொல்வதை எழுதுபவர் தாமாக ஒன்றையும் சேர்த்தலாகாது. அவருடைய கல்வித் தகுதிக்கும் விதிகள் வரம்பு இடுகின்றன. வினாத்தாளும் ஒன்றே; அறிவை அளக்கும் கோலும் ஒன்றே.

பொய்ச் சான்றிதழ் பெற்று இவ்வுரிமையைத் தவறாகப் பயன்படுத்துவோர் குறித்தும் பேச்சு எழுகிறது. அத்தகையோர் அரசை மட்டும் ஏமாற்றவில்லை. உண்மையில் இடர்ப்படும் பிள்ளை ஒவ்வொன்றன்மீதும் ஐயத்தின் நிழலைப் படியச் செய்கின்றனர். நம் சங்கத்தார் எவரும் அவ்வழியை நாடலாகாது. நாடுவோர்க்குத் துணை நிற்கவும் கூடாது.

இவற்றினும் பெரிய தடை நம் இல்லத்துள்ளேயே இருக்கிறது. "சான்றிதழ் வாங்கினால் ஊரார் என்ன சொல்வர்? நாளைப் பெண்ணுக்கு வரன் அமையுமா? மகனுக்கு வேலை கிடைக்குமா?" என்னும் அச்சமே அது. பெற்றோரின் அவ்வச்சத்தை யாம் எள்ளவில்லை. ஊரார் நாக்கு எத்தகையது என்பதை யாமும் அறிவோம். ஆனால் சான்றிதழ் இல்லாமையால் குறைபாடு மறைந்துவிடுவதில்லை. பெயரிடப்படாத குறைக்கு ஊரார் தாமே பெயரிடுவர். அப்பெயர் 'முட்டாள்' என்பது. ஆண்டுக்காண்டு அதனைக் கேட்டு வளரும் பிள்ளை ஒரு நாள் அதனை உண்மையென்றே நம்பிவிடும். சான்றிதழில் எழுதப்பட்ட சொல்லோ, அறிவு உண்டு, வழிதான் வேறு என்று கூறும் சொல். எந்தப் பெயரோடு நம் பிள்ளை வளரவேண்டும் என்பதைப் பெற்றோரே தேர்ந்துகொள்ளட்டும்.

மற்றொன்றும் கூறியாக வேண்டும். கூடுதல் நேரம் படிக்கக் கற்றுத் தராது. தேர்வுச் சலுகை ஒருபுறம் இருக்க, குறைதீர் கற்பித்தலும் உடன் நடைபெற வேண்டும். ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்து, கண்ணாலும் காதாலும் கையாலும் ஒருசேரப் பயிற்றும் முறைகளை அமெரிக்க மருத்துவர் ஆர்ட்டனும் ஆசிரியை கில்லிங்காமும் வகுத்தனர். சிறப்பு ஆசிரியர் பலர் அவ்வழியையே பின்பற்றுகின்றனர். மும்பையில் மகாராஷ்டிர டிஸ்லெக்ஸியா சங்கமும் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கமும் இத்துறையில் தொண்டாற்றி வருவன. இளமையில் தொடங்கினால் இப்பயிற்சி மிகுந்த பயன் தரும்.

நம் சங்கம் செய்யத்தக்கன

இறுதியாக, நம்மால் ஆகக்கூடிய சிலவற்றைச் செயற்குழுவின் முன் வைக்கிறோம்.

முதலாவது, நம் தமிழ் வகுப்பு ஆசிரியைமார்க்கு இக்குறைபாட்டின் அறிகுறிகளை உணர்த்தும் ஒரு நாள் பயிற்சியைச் சிறப்பு ஆசிரியர் ஒருவரைக் கொண்டு நடத்துதல்.

இரண்டாவது, சொல்வதை எழுதுபவர் பட்டியல் ஒன்றை அமைத்தல். இம்மாநகரில் ஆங்கிலமும் மராத்தியும் எழுதுவோர் எளிதிற் கிடைப்பர். ஆனால் தமிழை ஒரு பாடமாக எடுத்த பிள்ளைக்குத் தமிழில் எழுதித் தர யார் கிடைப்பர்? பள்ளி எங்கே போய்த் தேடும்? நம் கல்லூரி மாணவருள் தமிழ் எழுத வல்லவர் இருபதின்மர் பெயரளித்தால் அக்குறை தீரும். தாய்மொழியை எடுத்துப் படித்த ஒரே காரணத்தால் ஒரு தமிழ்ப் பிள்ளை துணையின்றித் தேர்வறையில் நிற்கும் நிலை நமக்குப் பெருமை தருவதன்று.

மூன்றாவது, பள்ளிக்கும் வாரியத்துக்கும் ஆணையர்க்கும் கடிதம் எழுத அறியாத பெற்றோர்க்குத் துணைபுரிதல். நம்மிடையே வழக்கறிஞரும் ஓய்வுபெற்ற அலுவலரும் உளர். திங்களுக்கு ஒரு மாலைப்பொழுதை அவர்கள் ஈந்தால் போதும்.

நான்காவது, பணச் செலவை நாடாதது. மதிப்பெண் கேட்பதற்கு முன், "என்ன படித்தாய்? சொல், கேட்போம்" என்று பிள்ளைகளிடம் கேட்கப் பழகுதல். எழுத வாராத பிள்ளையின் அறிவு அவ்வாறு கேட்போர்க்கே புலப்படும்.

பிழைப்புத் தேடி வந்த நாம் இந்நகரில் ஒருவர்க்கொருவர் கைகொடுத்தே வேரூன்றினோம். கடிதம் எழுத அறியாதவர்க்கு எழுத அறிந்தவர் ஊர்க்கடிதம் எழுதிக் கொடுத்த பழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. அன்று எழுதிக் கொடுத்தவரை எவரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. எழுதுவித்தவரை அறிவிலி என்றும் எண்ணவில்லை. சொல் அவருடையது, கை மட்டுமே மற்றவருடையது. அந்நல்வழக்கத்தையே இன்று சட்டம் தேர்வறைக்குள் கொண்டுவந்துள்ளது. அதனை நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து பெற்றுக்கொள்ளுமாறு செய்வோமாக.

வளர்க நம் சங்கம்! வாழிய செந்தமிழ்!